கை ஏன் விழுந்தது

எட்டு அமர்வுகளில் என்ன எதிர்பார்க்கலாம் என்று அச்சடித்த ஒரு தாளை முதல் நாளே கையில் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், ஓரத்தில் ஒரு பச்சை இலை. முதல் அமர்வுக்குப் பிறகு களைப்பு வரலாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள். மூன்றாவதுக்குள் தூக்கம் கூடலாம், உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஐந்தாவதுக்குப் பிறகு பழைய உபாதைகள் தலைகாட்டலாம், பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. நான் முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். பந்து உள்ளே விழுந்தாலும் வெளியே விழுந்தாலும் பாயிண்ட் தனக்கே என்று முடிவு செய்துகொண்டு மைதானத்துக்கு வருகிற அணியை எனக்குத் தெரியும். அந்தத் தாளைப் படித்தபோதே நான் விசில் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

அதன் பெயர் கினீசியாலஜி. அந்தப் பெயரில் தொடங்குகிறது என் கோபம். உடற்கல்விப் படிப்பில் அது எங்களுக்கு ஒரு முழுப் பாடம். எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது, பந்தை ஓங்கி அடிக்கும்போது தோள் எப்படிச் சுழல்கிறது, முட்டி எந்தக் கோணத்தில் பாரத்தைத் தாங்குகிறது என்றெல்லாம் படம் வரைந்து பாகம் குறித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், முதல் மாடியில், அதே பெயரில் வேறொன்று நடக்கிறது. கையை நீட்டச் சொல்லி அமுக்குகிறார்கள். கை நின்றால் உடம்பு ‘ஆமாம்’ என்கிறதாம். கீழே போனால் ‘வேண்டாம்’ என்கிறதாம். எங்கள் பள்ளிப் பனியனைப் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத யாரோ ஆடுவதைப் பார்த்தது போல எரிச்சலாக இருந்தது.

ஆனால் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். மேட்டுப்பாளையத்தில் மாவு மில் வைத்திருக்கிறாள். மாமா தவறிய பிறகு அவளே தனியாக மோட்டாரைப் போட்டு, பெல்ட்டை மாட்டி, ராகியும் கோதுமையும் மிளகாயும் அரைத்துக் கொடுக்கிறாள். பத்து வருடத்துக்கு மேலாக விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை. அது ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, இரண்டு வருடமாக மூட்டு வலி. நாளெல்லாம் நின்றே வேலை செய்தால் வராமல் என்ன செய்யும்?

“கண்ணு, மூட்டுக்கு ஏதோ புதுசா வந்திருக்குதாமா. ஊசி மாத்திரை ஒண்ணுமில்லியாமா. உன்ற ஊர்லதான் இருக்குதாமா. சித்தெ கூட வாரியா?” என்று போனில் கேட்டாள். மில்லுக்கு வரும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா தனக்கென்று எதையும் கேட்கிற ரகம் இல்லை. கேட்டதே பெரிது என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் அமர்வு ஒரு சனிக்கிழமை காலை, அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. பஸ் நிறுத்தத்தில் இருந்து அக்காவை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். சிகிச்சை தரும் அம்மணிக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, குரல் பஞ்சு மாதிரி. செருப்பைக் கழற்றும் முன்பே, “வாங்க, வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க” என்று எலுமிச்சையும் இஞ்சியும் போட்ட தண்ணீரைக் கொடுத்தாள். அந்தத் தண்ணீர் நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

“ஏனுங்கக்கா, கையை நேரா நீட்டுங்க. நான் அமுக்குவேன், நீங்க விடாம புடிக்கோணும். பலப்பரீட்சை இல்லீங்க. உடம்புகிட்ட ஒரு கேள்வி கேக்கறோம், அவ்வளவுதானுங்க.”

அக்காவின் பெயரைச் சொல்லச் சொன்னாள். கை நின்றது. வேறு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லச் சொன்னாள். கை இறங்கியது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொன்னால் கை நிற்கவில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டு இருந்திருப்பேன் போல. அந்த அம்மணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். “டீச்சருக்குச் சந்தேகமா இருக்குது. நீங்களே வாங்களே, ஒருக்கா பாத்துரலாம்.”

போய் நின்றேன். வலது கையை நீட்டினேன். முதல் தடவை முழங்கைக்குப் பக்கத்தில் விரலை வைத்து மெதுவாக அமுக்கினாள். கை அசையவில்லை. பிறகு இடது கையில் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். இந்தத் தடவை அவள் விரல்கள் மணிக்கட்டுக்கு வந்திருந்தன. ‘பிடியுங்கள்’ என்ற சொல் முடிவதற்குள் அமுக்கிவிட்டாள். மணிக்கட்டில் அமுக்கினால் அதே விசைக்குத் தோளில் இரண்டு பங்கு பாரம் விழும் என்பது நான் படித்த கினீசியாலஜியில் முதல் மாதத்துப் பாடம். இருந்தாலும் என்னால் பிடித்திருக்க முடியும். அத்தனை வருடம் வாலிபால் ஆடிய தோள். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த ஒருத்தியை, அக்காவின் முன்னால், முதல் நாளே எப்படி மூக்கறுப்பது? கையை இறக்கிவிட்டேன். “அடேங்கப்பா” என்று சிரித்தும் வைத்தேன். அன்றைக்கு அதை ஒரு விஷயமாகவே நான் நினைக்கவில்லை.

இரண்டாவது அமர்வில் ஒரு மரப்பெட்டி வெளியே வந்தது. உள்ளே விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு உணவின் பெயர் எழுதிய சீட்டு. அக்கா குப்பியை வயிற்றோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், மற்றக் கையை நீட்ட வேண்டும். தக்காளி நின்றது. பால் விழுந்தது. ராகி நின்றது. கோதுமை விழுந்தது. இருபது தடவை அமுக்கினால் இருபத்தொன்றாவதில் யார் கையும் தளரும் என்று என் வாய்வரை வந்தது. அக்கா தாளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்த மும்முரத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அன்று முதல் அவளுக்குக் காபி இல்லை, டீ இல்லை, சப்பாத்தி இல்லை. நாளெல்லாம் கோதுமை மாவில் நிற்கிறவளிடம் கோதுமை ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்கூட்டரில் திரும்பும்போது இதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். “அதுதான் கண்ணு, நாள்பூரா மூக்குல ஏறுதல்லோ, அதனாலதான் ஒத்துக்கறதில்லையாமா” என்றாள். எதற்கும் பதில் இருந்தது.

மூன்றாவதில் இருந்து நான் மேலே போவதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை காலையில் சில பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவை வாசலில் இறக்கிவிட்டு மைதானத்துக்குப் போவேன், ஒரு மணி நேரம் கழித்து வந்து ஏற்றிக்கொள்வேன். எப்படி இருந்தது என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு கண்ணு” என்பாள். ஐந்தாவதுக்குப் பிறகு, “நீ அலையாத, நானே ஆட்டோவுல போய்க்கறேன்” என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், நிம்மதியாகவே இருந்தது.

ஏழாவது அமர்வு முடிந்து மூன்று நாள் இருக்கும். அக்காவின் எண்ணில் இருந்து போன் வந்தது. பேசியது வேறு குரல், மிளகாய் அரைக்க வந்திருந்த ஒரு பெண்.

“ஏனுங்க, அக்கா மில்லு ஓடிட்டிருக்கறப்பவே உக்காந்தபடி தூங்கிட்டாங்க. முந்தானை பெல்ட்டுகிட்ட போயிருச்சுங்க. நான்தான் ஓடிப்போயி சுச்சை அமத்துனேன். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகலை. ஆனா நீங்க சித்தெ வந்து பாருங்க.”

கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். இரண்டு மணி நேரத்தில் அங்கே இருந்தேன். மத்தியான வெயில் கொளுத்துகிறது, அக்கா கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதிப்போய், கண் இரண்டும் சுருங்கி, குரல் கட்டைக் குரலாக இருந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. ஒரு மாதமாகப் போனில் மட்டும் பேசியிருந்தேன். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தாள், நம்பியிருந்தேன்.

“என்னக்கா இது?”

அவள் சுவரைக் காட்டினாள். தினக்காலண்டருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை இலைத் தாளை ஒட்டிவைத்திருந்தாள். “அஞ்சாவதுக்கு மேல இப்படித்தான் இருக்குமாமா கண்ணு. பழசெல்லாம் வெளிய வருதாமா. நல்லதுக்குத்தான்.”

அலமாரியைத் திறந்து தைராய்டு மாத்திரை டப்பாவை எடுத்தேன். கனமாக இருந்தது. திறந்தால் கழுத்துவரை மாத்திரை. தேதியைப் பார்த்தேன், வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அக்காவைத் துருவிக் கேட்டதில் தெரிந்தது: நாலாவது அமர்வில் நடந்திருக்கிறது. ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்களோ அதைக் கொண்டுவாருங்கள்’ என்று அந்த அம்மணி சொல்லியிருக்கிறாள். டப்பாவை வயிற்றில் வைத்துக் கையை நீட்டச் சொல்லியிருக்கிறாள். கை விழுந்திருக்கிறது. மறுபடி செய்திருக்கிறாள், மறுபடி விழுந்திருக்கிறது. ‘நிறுத்துங்க’ என்று அவள் சொல்லவில்லையாம். “உங்க உடம்பு வேண்டாங்குது, நான் ஒண்ணும் சொல்லலீங்க, முடிவு உங்களுதுங்க” என்றாளாம். நிறுத்து என்று சொல்லியிருந்தால் அது அவள் தலையில் இருக்கும். சொல்லாமலே நிறுத்தவைத்துவிட்டு, பழியை அக்காவின் உடம்பு மேலேயே போட்டாயிற்று. அந்த உடம்பு வீங்கிப்போய்க் கேட்டபோது, நல்ல அறிகுறி என்று முன்கூட்டியே தாளில் அச்சடித்தும் வைத்தாயிற்று.

அன்று சாயங்காலமே அக்காவை அவளுடைய பழைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் முடிவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஆஸ்பத்திரியில படுக்கவெச்சிருக்கோணும். யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?” என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “தப்புத்தானுங்க” என்றாள். அந்த அறையில் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள் இல்லை.

எட்டாவது அமர்வு பாக்கி இருந்தது. போக வேண்டாம் என்று அக்கா கெஞ்சினாள், பிறகு, “வாரேன்னு சொல்லிட்டேன், சொல்லாம நின்னா நல்லா இருக்காது” என்று அவளே கிளம்பினாள். நான் வேறு காரணத்துக்குக் கிளம்பினேன். மாத்திரை ஒன்றை ஒரு காகிதத்தில் மடித்தேன். அதே அளவு காகிதத்தில் ஒரே ஒரு பொட்டுக்கடலையை மடித்தேன். பொட்டுக்கடலை அக்காவுக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும் என்று இதே அம்மணி அமுக்கிச் சொல்லியிருந்தாள். இரண்டையும் பைக்குள் போட்டுக் குலுக்கினேன். எது எதுவென்று எனக்கே தெரியாது.

அந்த அம்மணி வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை. வந்த இடத்தில் தண்ணீரை மறுப்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. அவள் முகம் மாறியது. “ஒரே ஒரு தடவை இதை வெச்சுப் பாருங்க” என்று முதல் பொட்டலத்தை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தேன்.

அமுக்கினாள். கை விழுந்தது. “இது வேண்டாங்குதுங்க” என்றாள். இரண்டாவதைக் கொடுத்தேன். கை நின்றது. “இது நல்லதுங்க.”

பிரித்துக் காட்டினேன். வேண்டாம் என்று விழுந்தது பொட்டுக்கடலைக்கு. நல்லது என்று நின்றது மாத்திரைக்கு.

இன்னொரு தடவை செய்து பார்க்கலாம் என்று பொட்டலங்களை மறுபடி மடிக்கப் போனேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். “டீச்சர், தப்பா நெனைச்சுக்காதீங்க. இன்னிக்கு நீங்க கோபத்தோட வந்திருக்கீங்க. அந்தக் கோபம் ரூமுக்குள்ள இருக்குதுங்க. அக்கா உடம்பு அதைத்தான் சொல்லுது.”

ஆக என் கோபம்தான் குற்றவாளி. முப்பது வருடத்தில் எத்தனையோ கோச்சுகள் ரெஃப்ரீயிடம் சொன்ன சாக்குகளைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. “இவங்க முந்தானை ஓடற பெல்ட்டுல மாட்டப் பாத்துச்சு, தெரியுமா உங்களுக்கு?” என்றேன். “அப்ப ரூமுக்குள்ள யாரோட கோபம் இருந்துச்சு? மாத்திரை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு யாருங்க உரிமை குடுத்தது?” மரியாதை வார்த்தைகளாகவேதான் வந்தன, ஆனால் மைதானத்தின் அடுத்த மூலைக்குக் கேட்கிற குரலில் வந்தன. பக்கத்து அறைக் கதவு திறந்தது. “நான் நிறுத்தச் சொல்லவே இல்லீங்களே” என்றாள் அவள். கண்கள் கலங்கியிருந்தன. அவள் பொய்க்காரி இல்லை, நம்பித்தான் செய்கிறாள் என்று எனக்கு அந்த நிமிடம் தோன்றியது. அதனால் கோபம் குறையவில்லை. பொய்க்காரியாக இருந்திருந்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

அக்கா எழுந்தாள். அந்த அம்மணியின் தோளைத் தொட்டு, “வாரேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள்.

கீழே இறங்கியதும் நேராகப் பக்கத்துப் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு டீ சொன்னேன். பால் டீ. அக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கு இன்னும் மூச்சு வாங்கியது. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

“ஏனக்கா, முப்பது கிலோ மூட்டையைத் தூக்கித் தொட்டியில கொட்டற கை அது. அந்தக் குச்சி மாதிரி விரலுக்கு எப்படி விழுந்துச்சு?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “புடிச்சிருக்கலாம் கண்ணு. ஆனா அந்தப் புள்ள அமுக்கறப்ப மூஞ்சியைப் பாத்தாத் தெரியும், இதுக்கு உழுகோணும்னு நெனைக்குதுன்னு. அவ்வளவு மரியாதையா கேக்குது. நான் மொரண்டு புடிச்சுட்டு நின்னா அதுக்குச் சங்கட்டமா இருக்குமல்லோ. அதான் விட்டுப்போட்டேன்.”

“இன்னிக்கும் அப்படித்தானா?”

“இன்னிக்கு அது பயந்துபோயிருந்துச்சு பாவம். மொதல்ல விட்டேன். ரெண்டாவதுல சரி, நிக்கட்டும்னு வெச்சேன்.”

இதற்கு யாரை அடிப்பது? எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சிலாகித்துச் சொல்வார்கள், நாங்களும் கேட்டுப் பூரித்துப்போவோம். பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடுவதோடு அது நிற்பதில்லை. ஒருத்தர் முகம் வாடாமல் இருக்க நாங்கள் எதையும் சரி என்போம். வேண்டாத சோற்றை இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வோம். அமுக்குகிற கைக்குக் கொஞ்சம் இறங்கிக் கொடுப்போம். அப்படிப்பட்ட ஊரில் வந்து, கையைத் தாங்கிப் பிடிக்கிறார்களா என்று பார்த்து மருந்தை முடிவு செய்கிறார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. மேஜையைத் தட்டினேன், டீ தளும்பியது.

“உடம்பு சொல்லுது, உடம்பு சொல்லுதுன்னா! நீயாத்தான் விட்டே, அப்புறம் அதை நீயே எப்படிக்கா நம்புனே? மாத்திரையை நிறுத்தற அளவுக்கு எப்படி நம்புனே?”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை.

“என்ற கையை நான் நம்பலை கண்ணு. நான் படிக்காதவ, மரியாதைக்கு விட்டேன்னே வெச்சுக்கலாம். ஆனா மொத நாளு உன்ற கை உழுந்துச்சல்லோ. நீ வெளையாட்டு டீச்சரு. இதையே படிச்சவ. நீ யாருக்கும் விட்டுக் குடுக்கறவ இல்லை. உன்ற கையே நிக்கலைன்னா அதுல ஏதோ இருக்குதுன்னுதான் நெனைச்சேன்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. சர்க்கரைப் பொட்டலத்தோடு நான் நின்றதும், மணிக்கட்டுக்கு நகர்ந்த அந்த விரல்களும், என் வாயில் இருந்து வந்த அந்த ‘அடேங்கப்பா’வும் வரிசையாக ஞாபகம் வந்தன. தெரிந்தே இறக்கிய கை. மாடியில் நின்று அவளிடம் கத்திய ஒவ்வொரு கேள்வியும் எனக்கும்தான்.

“நான் பொய்யா விட்டேன்க்கா” என்றேன். எனக்கே கேட்காத குரலில் வந்தது.

“அப்படியா?” என்றாள். டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, “போச்சாது, உடு, நீயும் மரியாதைக்குத்தானே விட்டிருப்பே” என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுபடி மாத்திரை தொடங்கி இப்போது ஆறு மாதம். முகம் வடிந்துவிட்டது, குரல் திரும்பிவிட்டது, மில் ஓடுகிறது. மூட்டு வலி அப்படியே இருக்கிறது. அதற்கு உட்கார்ந்து வேலை செய்ய உயரமான முக்காலி ஒன்று செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தொடைக்கு இரண்டு பயிற்சியும் சொல்லியிருக்கிறேன். செய்கிறாளா என்று கேட்டால், “செஞ்சுட்டுத்தான் இருக்கறேன் கண்ணு” என்கிறாள்.

அந்த ‘சரி’யையும் ‘ஆச்சு’வையும் நான் இப்போது நம்புவதில்லை. யார் கேட்டாலும் அவர்கள் மனசு நோகாத பதிலைத்தான் அவள் சொல்வாள் என்று தெரிந்த பிறகு எப்படி நம்புவது? தினமும் காலை ஆறு மணிக்குப் போன் போடுகிறேன். “மாத்திரை?” என்பேன். “போட்டாச்சு கண்ணு” என்பாள். “இல்லை, இப்ப என்ற காது கேக்கப் போடு” என்பேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அலமாரிக் கதவு திறக்கும். டப்பா மூடியைத் திருகும் சத்தம், உள்ளங்கையில் மாத்திரை உதிரும் சத்தம். மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம் வரும்வரை நான் போனை வைப்பதில்லை.